டெல்கோவில் இருந்து லேப்டாப் வரை: உங்க இன்ஜினோட திருகு யார் கையில?

இந்த எபிசோடுக்குக் காரணம் அம்பத்தூர்ல இருந்து வந்த ஒரு மெயில். டிஎன் 13 போர்டு போட்ட 2002 மாடல் எஸ்டீம். கேம்ஷாஃப்ட் மாத்தியிருக்கார், எக்சாஸ்ட் மாத்தியிருக்கார், இன்டேக்ல கை வெச்சிருக்கார். இப்போ வண்டி ஐடில்ல நிக்க மாட்டேங்குது, சிக்னல்ல ஆஃப் ஆகுது. அவர் கேட்டது ஒரே வரி: எந்த ஈசியூ போடலாம்? நானூறு டாலர் கிட்டா, ஒன்றரை லட்சத்துக்கு இறக்குமதிப் பெட்டியா, இல்ல இருக்கற ஈசியூ மேலயே ஒரு சின்ன டப்பா மாட்டிடலாமா?

ஒரு பிராண்ட் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்தக் கேள்விக்குள்ள அறுபது வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அதுல பெரும் பகுதி அவர் வீட்டுல இருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள்ளயே நடந்தது. அந்தக் கதை தெரிஞ்சா எந்தப் பெட்டின்னு அவரே முடிவு பண்ணிடுவார்னு நினைக்கிறேன். அதனால முதல்ல பாடிக்குப் போகலாம்.

பாடி, 1961

பாடி பக்கம் பஸ்ல போறவங்களுக்கு லூகாஸ்ங்கறது ஒரு ஸ்டாப். பேர் எங்க இருந்து வந்ததுன்னு யாரும் யோசிக்கறதில்ல. இங்கிலாந்தோட லூகாஸும் நம்ம டிவிஎஸ்ஸும் சேர்ந்து 1961ல் ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ் கம்பெனிதான் அது. ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர்னு வண்டியோட மின்சாரச் சாமான் எல்லாம் அங்க செஞ்சாங்க. டிஸ்ட்ரிபியூட்டர்னு சொன்னா நம்ம ஊர் பழைய மெக்கானிக் ஒரு நொடி முழிப்பார். 'டெல்கோ'ன்னு சொல்லுங்க, உடனே புரியும். டெல்கோ அமெரிக்கக் கம்பெனியோட பேர், லூகாஸுக்குப் போட்டி. பாடியில செஞ்ச லூகாஸ் சாமானை நம்ம பட்டறைகள்ல டெல்கோன்னு கூப்பிட்டிருக்காங்க. எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம்.

அந்த டெல்கோ மூடியைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்? ஒரு ஜோடி பாயிண்ட், ஒரு கண்டென்சர். அதுக்குக் கீழ ரெண்டு சின்ன எடைக்கட்டி, ரெண்டு ஸ்பிரிங். பக்கவாட்டுல ஒரு வேக்கம் டயாஃப்ரம். இன்ஜின் வேகம் கூடினா எடைக்கட்டி வெளிய விரியும், ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடி விழும். ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு ஓட்டும்போது வேக்கம் இழுத்து இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வரும். ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, அப்போ ஸ்பார்க் எப்போ? இன்னிக்கு ஈசியூவுல இருக்கற இக்னிஷன் மேப் கேட்கறதும் இதே கேள்விதான். அதை அப்போ ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் தகடும் செஞ்சுது. பெட்ரோல் அளவைப் பார்த்துக்க கார்பரேட்டர். அதுவும் அப்படித்தான், ஜெட் ஓட்டையோட விட்டம்தான் மேப்.

இதுல முக்கியம், எல்லாமே கைக்கு எட்டும். ஃபீலர் கேஜை விட்டு அம்பாசடர் பாயிண்ட் கேப்பை 0.4 மில்லிமீட்டர் கிட்ட வெச்சு, டெல்கோவைக் கையால லேசா திருப்பி, சத்தத்தைக் கேட்டே டைமிங் வைக்கற ஆளுங்க ஒவ்வொரு தெருவிலயும் இருந்தாங்க. கொரட்டூர்ல எங்க தெரு முனையில இருந்த அண்ணன் ஒருத்தர் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பும்போது ரேடியோவை ஆஃப் பண்ணச் சொல்வார். இன்ஜினை வேலை செய்ய வெச்ச அறிவு அவர் காதுல இருந்தது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பலமும் அதே காலத்துல சேர்ந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் 1964ல் வந்தது. ஆவடி ஹெவி வெஹிகிள்ஸ் ஃபேக்டரியில இருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965ல் வெளிய வந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ் அதுக்கும் முன்னாடியே இருக்கு. லேத்து, மில்லிங், கியர் வெட்டறது, ஹீட் ட்ரீட்மென்ட், எது வேணும்னாலும் ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் செய்வார். இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

சோழவரம்

வண்டியை மாத்திப் பார்க்கற ஆசைக்கு ஒரு இடம் வேணுமே? செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோட்டுல சோழவரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் ரேஸ் நடத்துச்சு. முப்பது வருஷத்துக்கும் மேல சென்னை ரேஸ் ரசிகர்களுக்கு அதுதான் கோயில்.

அங்க ஓடின வண்டிகள்ல அதிகம் நம்ம தெரு வண்டிகள்தான். ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர். ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷன் ஏத்துவாங்க, ரெண்டாவது கார்பரேட்டர் மாட்டுவாங்க, டெல்கோ ஸ்பிரிங்கை மாத்தி அட்வான்ஸை வேற மாதிரி வரவைப்பாங்க. 1980கள்ல விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே அங்க கொண்டு வந்து ஓட்டினார். அந்தக் காலத்து எஃப் ஒன் கார்கள்ல பெரும்பாலானதுக்கு காஸ்வொர்த் டிஎஃப்வி இன்ஜின். அந்த இன்ஜினுக்கு பெட்ரோலை அளந்து கொடுத்தது லூகாஸோட மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். அதாவது உலகத்தோட உச்சத்துல இருந்த இன்ஜினை நிர்வகிச்ச பேரும் பாடி பஸ் ஸ்டாப் பேரும் ஒண்ணு! கம்ப்யூட்டர் எதுவும் இல்ல. எஃப் ஒன்லயும் திருகுதான்.

கோயம்புத்தூர் கரிவரதனை இங்க விட்டுடக் கூடாது. 1988ல் மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒரு சின்ன ரேஸ் காரை உருவாக்கினார். மூணு சிலிண்டர், 796 சிசி. காசு அதிகம் இல்லாத பசங்களும் சிங்கிள் சீட்டர் ஓட்ட முடிஞ்சது அதுக்கு அப்புறம்தான். 1995ல் விமான விபத்துல அவர் இறந்துட்டார். தனி எபிசோடுக்கான ஆள், கண்டிப்பா பண்ணலாம்.

1990ல் ரேஸ் சோழவரத்தை விட்டு, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில இருக்கற இருங்காட்டுக்கோட்டைக்கு மாறினது. இந்த முறை கிளப்போட சொந்த டிராக், 3.7 கிலோமீட்டர்.

பெட்டி வந்த கதை

இப்போ கொஞ்சம் வெளியூர். பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை எலக்ட்ரானிக்ஸ் வெச்சு கட்டுப்படுத்தற வேலையை அமெரிக்காவுல பெண்டிக்ஸ் 1957லயே முயற்சி பண்ணி, சரியா வராம விட்டாங்க. 1967ல் பாஷ் அதை ஃபோக்ஸ்வேகன்ல ஓட வெச்சுது. 1979ல் பிஎம்டபிள்யூ 732ஐ காருக்கு பாஷ் கொடுத்த மோட்ரானிக்தான், பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள்ள கொண்டு வந்தது. எஸ்டீமோட ஈசியூ வரைக்கும் எல்லாம் அந்த யோசனையோட வாரிசுதான்.

நம்ம ஊருக்கு அந்தப் பெட்டி ரேஸுக்காக வரல, பவருக்காகவும் வரல. புகைக்காக வந்தது. இது நிறைய பேருக்குத் தெரியாது. 1995 ஏப்ரல் 1ல் இருந்து சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம்னு ஆச்சு, கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. ஈயம் பட்டா கன்வெர்ட்டர் செத்துடும். அதோட இன்னொரு சிக்கல்: மூணு வகை நச்சையும் ஒரே நேரத்துல சுத்தம் பண்ணணும்னா, ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்துங்கற அளவை ஒட்டியே கலவை இருக்கணும். கொஞ்சம் விலகினாலும் கன்வெர்ட்டர் பாதி வேலைதான் செய்யும். காலையில 24 டிகிரி, மதியம் 40 டிகிரி இருக்கற ஊர்ல ஒரு ஜெட் ஓட்டையால இதைச் செய்ய முடியாது. எக்சாஸ்ட்ல ஆக்சிஜன் சென்சாரை வெச்சு, நொடிக்குப் பல தடவை திருத்தற ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தர்தான் ஈசியூ.

2000 ஏப்ரல்ல இந்தியா 2000 விதிமுறை வந்ததும் கார்களுக்குக் கார்பரேட்டர் காலம் கிட்டத்தட்ட முடிஞ்சுது. அதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்துல மாற்றம் தொடங்கிடுச்சு. 1998ல் ரேஸ் டிராக் இருக்கற அதே இருங்காட்டுக்கோட்டையில இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ, பிறந்ததுல இருந்தே எம்பிஎஃப்ஐ. அதே வருஷம், அம்பத்தூர் ஆவடி வழியா போற ரயில் லைன்ல இருக்கற திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் செய்ய ஆரம்பிச்சாங்க.

அந்த நாலஞ்சு வருஷத்துல தெரு முனை அண்ணன்களுக்கு நடந்ததை யாரும் சரியா எழுதி வெக்கல. பானெட்டைத் திறந்தா திருப்ப எதுவும் இல்ல. ஐடில் ஸ்க்ரூ சீல் வெச்சிருக்கும், டைமிங் பெட்டிக்குள்ள இருக்கும், பெட்டியோட பேச ஒரு ஸ்கேனர் வேணும், அது கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மட்டும் இருக்கும். முப்பது வருஷம் சேர்த்து வெச்ச காது மூணு வருஷத்துல வேலைக்கு ஆகாம போச்சு. சில பேர் ஸ்கேனர் வாங்கிக் கத்துக்கிட்டாங்க. சில பேர் டயர், சஸ்பென்ஷன்னு ஒதுங்கினாங்க. எங்க தெரு அண்ணன் பைக்குக்கு மாறிட்டார். பைக்ல கார்பரேட்டர் இன்னும் இருபது வருஷம் இருந்தது, 2020ல் பிஎஸ் 6 வந்துதான் அதையும் முடிச்சுது.

காத்து சுத்தமாச்சு, மைலேஜ் கூடுச்சு, குளிர் காலையில வண்டி ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா திருகு நம்ம கையை விட்டுப் போச்சு.

திருகு திரும்பி வந்த வழி

1980களோட கடைசியில ஆஸ்திரேலியாவுல ஹால்டெக், மோடெக் மாதிரி கம்பெனிகள் ஒரு புதுப் பெட்டியை விற்க ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டரை இணைச்சு, பெட்ரோல் டேபிளையும் ஸ்பார்க் டேபிளையும் நாமே எழுதிக்கலாம். ஆனா விலை ரேஸ் டீம்களுக்கான விலை. 2001ல் அமெரிக்காவுல ப்ரூஸ் போலிங், அல் கிரிப்போன்னு ரெண்டு பேர் மெகாஸ்குவர்ட்டை வெளியிட்டாங்க. சர்க்யூட் படம், நிரல் எல்லாத்தையும் எல்லாரும் பார்க்கற மாதிரி கொடுத்து, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் வீட்டுல செய்யலாம்னாங்க. அதுக்குப் பின்னாடி ஆர்டினோ போர்டுல ஓடற ஸ்பீடுயினோ வந்தது. பக்கத்துல பெங்களூர்ல ரேஸ் டைனமிக்ஸ், பவர்ட்ரானிக்ங்கற பேர்ல பிக்கிபேக் ஈசியூ செய்யறாங்க.

இப்போ நம்ம எஸ்டீம் நேயருக்கு வருவோம். மூணு வழி இருக்கு.

கம்பெனி ஈசியூவுக்குள்ள புகுந்து மேப்பை மாத்தறது, அதாவது ரீமேப், புது வண்டிகளுக்கு நல்ல வழி. அவரோட காலத்து மாருதி பெட்டி ஓபிடி போர்ட் வழியா எழுதற மாதிரி கட்டினது இல்ல. அதை விட்டுடலாம்.

பிக்கிபேக்னா, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல உட்கார்ந்து பொய் சொல்ற ஒரு இடைத்தரகர். சின்ன மாற்றத்துக்கு ஓகே. ஆனா கம்பெனி ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கும். நீங்க சேர்த்த பெட்ரோலை, நிதானமா ஓட்டற நேரத்துல அது கழிச்சுடும். நீங்க ஒரு பக்கம் இழுக்க, அது இன்னொரு பக்கம் இழுக்கும். பெரிய கேம் போட்ட வண்டியில ஐடில் பிரச்சினையை இது தீர்க்கறது கஷ்டம்.

மீதி ஸ்டாண்டலோன், முழுப் பெட்டியையும் மாத்தறது. அவர் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனா எந்த பிராண்டுங்கறது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி: கிரேங்க் எந்த இடத்துல இருக்குன்னு பெட்டிக்கு யார் சொல்லப் போறாங்க? 6000 ஆர்பிஎம்ல கிரேங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகற நேரம் சுமார் 28 மைக்ரோ செகண்ட். பழைய டெல்கோவுக்குள்ள இருக்கற சென்சாரை நம்பினா, டைமிங் பெல்ட்டோட ஆட்டம், கியரோட தேய்மானம் எல்லாம் கணக்குல கலந்து வரும். அதுக்கு கிரேங்க் புல்லிலயே 36 பல்லுக்கு இடம் விட்டு, ஒரே ஒரு பல்லை மட்டும் எடுத்த ஒரு டிரிகர் வீல் மாட்டணும். அந்த இடைவெளி தாண்டும்போது பெட்டிக்கு இடம் தெரிஞ்சுடும், அங்க இருந்து பத்து பத்து டிகிரியா எண்ணிக்கும். இதைத்தான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். வெளிநாட்டுல இருந்து வரவழைக்க வேண்டியதே இல்ல. படம் வரைஞ்சு கொடுத்தா அம்பத்தூர் எஸ்டேட்ல லேசர் கட்டிங்ல வெட்டி, லேத்துல ஓட்டம் பார்த்துக் கொடுப்பாங்க. சென்சார் பிராக்கெட் மட்டும் தடிமனா, ஆடாம இருக்கணும்.

ரெண்டாவது கேள்வி, டியூனர். பெட்டி வாங்கும்போது டேபிள் காலியா வரும், இல்ல எங்கயோ ஒரு வண்டிக்கு எழுதின டேபிளோட வரும். 20 டிகிரியில இருக்கற காத்தை விட 40 டிகிரி காத்து சுமார் 6 சதவீதம் அடர்த்தி குறைவு. மே மாசம் ஆவடியில சிக்னல்ல நிக்கும்போது பானெட்டுக்குள்ள இன்னும் மோசம். அந்தத் திருத்தத்தை நம்ம ஊர் வெயில்ல, நம்ம வண்டியில, வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டி ஒருத்தர் உட்கார்ந்து எழுதணும். அதனால முதல்ல டியூனரைக் கண்டுபிடிங்க. அவர் எந்தப் பெட்டியில நூறு மணி நேரம் செலவழிச்சிருக்காரோ அதை வாங்குங்க. ஒன்றரை லட்ச ரூபா பெட்டியைத் தெரியாத கையில கொடுக்கறதை விட, மெகாஸ்குவர்ட்டைத் தெரிஞ்ச கையில கொடுக்கறது மேல். டியூனிங் கூலியையும் வயரிங்கையும் பட்ஜெட்ல பெட்டி விலைக்குச் சமமா வெச்சுக்கோங்க.

மூணாவது, பெட்ரோல். ஈ20 இப்போ நாடு முழுக்க வந்தாச்சு. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 காத்துன்னா, 20 சதவீத எத்தனால் கலந்ததுக்கு சுமார் 13.5 போதும். அதாவது அதே காத்துக்கு அதிக எரிபொருள் ஊத்தணும். ஆக்சிஜன் சென்சார் இருந்தா, நிதான ஓட்டத்துல ஈசியூ சமாளிக்கும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சதும் பழைய பெட்டி பொதுவா சென்சாரை விட்டுட்டு மனப்பாடக் கணக்குக்குப் போயிடும். அந்தக் கணக்கு எழுதப்பட்டது வேற பெட்ரோலுக்கு. கம்ப்ரெஷன் ஏத்தின இன்ஜின்ல கலவை லீன் ஆனா பிஸ்டன் போயிடும். எத்தனால் சென்சாரை ஏத்துக்கற ஸ்டாண்டலோன் பெட்டியா பாருங்க, மெகாஸ்குவர்ட் 3, ஸ்பீடுயினோ ரெண்டும் ஏத்துக்கும். கூடவே ரப்பர் ஹோஸ், பம்ப்பையும் பாருங்க, எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும்.

சட்டத்தையும் சொல்லியாகணும், இல்லன்னா நான் உங்களை மாட்டி விட்டவன் ஆயிடுவேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துல இருந்து வண்டி மாறக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும்னு வந்தது. கன்வெர்ட்டரைக் கழட்டினா புகைச் சோதனையிலயும் மாட்டுவீங்க. பதினைஞ்சு வருஷம் தாண்டின வண்டி ஆர்டிஓ முன்னாடி திரும்பவும் நிக்கணும்ங்கறதை மறக்காதீங்க. முழு வேகத்துல பார்க்கணும்னா இருங்காட்டுக்கோட்டை இருக்கு. அங்க ஓடற எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள்லயும் எஸ்டீமோட அதே 1.3 லிட்டர் இன்ஜின்தான். அதனால அந்த இன்ஜினைத் தலைகீழாத் தெரிஞ்ச ஆளுங்க ரேஸ் அன்னிக்கு பிட்ல கிடைப்பாங்க, போய்ப் பேசுங்க.

கடைசியா ஒரு விஷயம் மட்டும், காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பேசிக்கோங்க. டியூன் முடிஞ்சதும் அந்த மேப் ஃபைலை ஒரு பென் டிரைவ்ல போட்டு உங்க கையில கொடுக்கணும், பாஸ்வேர்டு இல்லாம. சில பேர் தர மாட்டாங்க, அது அவங்க உழைப்புன்னு சொல்வாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா நாளைக்கு அவர் கடையை மூடிட்டு ஊருக்குப் போயிட்டா, உங்க வண்டி திரும்பவும் சீல் வெச்ச பெட்டிதான். தர்றவரைத் தேடுங்க.

கரிவரதன் எபிசோடு அடுத்த மாசம் வருது. சோழவரத்துல ரேஸ் பார்த்த அப்பாவோ தாத்தாவோ உங்க வீட்டுல இருந்தா, அவங்க சொல்றதை ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க.